அண்டா ஏன் எழுந்திருக்கவில்லை

ஜூன் 3, திங்கள்

என் ஆபீசுக்குக் கீழே இருக்கும் பைண்டிங் கடைக்காரர் ஜனவரியில் ஓசியாகக் கொடுத்த டைரி இது. இத்தனை நாள் மேஜைக் காலுக்கு முட்டாக இருந்தது. இன்று டாக்டர், "ரத்தக் கொதிப்பு இறங்கணும்னா மனசுல இருக்கிறத எங்கயாவது எழுதி இறக்குங்க" என்றார். மனசில் ஒன்றுமில்லை என்றேன். அதையே எழுதுங்கள் என்றார். எழுதியாயிற்று.

அதோடு நிறுத்தலாம் என்றுதான் இருந்தேன். சாயங்காலம் கதவைத் தட்டாமல் ஒரு படத்தாள் வந்து நின்றான்.

என்றைக்காவது இதைப் புரட்டப்போகும் பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்லி வைக்கிறேன். உங்கள் தாத்தா தவசிலிங்கம் போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து, மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்து, சிவகாசியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவன். முக்கால்வாசி வேலை, மாப்பிள்ளை குடிப்பானா என்று விசாரிப்பது. இது அச்சு ஊர். சிறுவர் பத்திரிகை, பட்டாசுப் பெட்டி, தீப்பெட்டி லேபிள் எல்லாவற்றிலும் இருந்த படங்கள் ஏதோ ஒரு காலத்தில் தாளை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டன. அவர்களைத்தான் படத்தாட்கள் என்கிறோம். ரேஷன் கார்டு உண்டு. ஓட்டு உண்டு. கைக்கு நாலு விரல்தான் என்பதால் ஆதார் எடுக்கப் போனால் மிஷின் மட்டும் தகராறு பண்ணும்.

வந்தவன் பெயர் டம்ளர். இடுப்பு உயரம், உருண்டை மூக்கு, தலையில் ஒற்றை முடி. ஒரு சிறுவர் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் அண்டா, டம்ளர் என்று அண்ணன் தம்பியாக இருந்தவர்கள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தான். பதினைந்து வருஷமாக ஒழுங்காகச் சுற்றிய என் சீலிங் ஃபேன் கழன்று அவன் தலையில் விழுந்தது.

அப்பளமாகிவிட்டான். நாற்காலி மேல் மூக்கு மட்டும் குமிழாக நின்றது. நான் சிரித்துவிட்டேன். நானா என்று எனக்கே ஆச்சரியம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "டப்" என்று ஒரு சத்தம், ஆள் பழையபடி எழுந்து உட்கார்ந்து சட்டையைத் தட்டிக்கொண்டான்.

"ரொம்ப நன்றி அண்ணாச்சி."

எதற்கு நன்றி என்று புரியவில்லை. அவன் விஷயத்துக்கு வந்தான்.

"எங்க அண்ணனக் கொன்னுட்டாக. அடுத்தது நாந்தான்."

"படத்தாளு சாவானா? இப்பத்தான ஃபேனுக்கு அடியில கிடந்து எந்திரிச்ச?"

"போலீஸ்லயும் இதத்தான் சொன்னாக. கார்ட்டூனுக்கு எஃப்.ஐ.ஆர். கிடையாது, காத்து போனா தானா உப்பும்னு சொல்லிச் சிரிச்சாக. எங்க அண்ணன் மாடிப்படியில விழுந்தவன் விழுந்தவன்தான் அண்ணாச்சி. எந்திரிக்கவே இல்ல."

"யார் மேல சந்தேகம்?"

"மதினி மேல."

அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவனுடைய ஒற்றை முடி வளைந்து தொங்கியது. கேஸை எடுத்துக்கொண்டேன். ஃபேனுக்கு ஆள் சொல்ல வேண்டும்.

ஜூன் 4, செவ்வாய்

ஃபேன்காரன் வரவில்லை. தோசை மாவு புளித்துவிட்டது.

டம்ளரைக் கண்காணிப்பில் வைத்துக்கொள்வதுதான் நல்லது. கொலைகாரி அடுத்து இவனிடம் வருவாள் என்றால் நான் பக்கத்தில் இருக்க வேண்டுமே. காலையில் இருந்து கூடவே சுற்றினான். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பூந்தொட்டி விழுந்தது. தபால் ஆபீஸ் வாசலில் ஏணி விழுந்தது. வானத்தில் ஒன்றுமே இல்லாத இடத்தில் நின்றான், எங்கிருந்தோ ஒரு இரும்புப் பெட்டி விழுந்தது. சதிகாரர் யாரும் இல்லை, நன்றாகப் பார்த்துவிட்டேன். இவர்கள் பிறப்பு அப்படி. ஒவ்வொரு தடவையும் கூட்டம் சிரிக்கிறது, இவன் எழுந்துவிடுகிறான். நானும் சிரித்தேன். டீக்கடை சுடலைமணி என்னைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டான்.

"ஏய், எஸ்.ஐ. சிரிக்காருய்யா! சாயங்காலம் மழைதான்."

மழை வரவில்லை.

மத்தியானம் என்னோடு சாப்பிடக் கூப்பிட்டேன். "வேண்டாம் அண்ணாச்சி. சோறு போட்டா ஒட்டிக்கிடும்" என்று வாசலிலேயே நின்றான். படத்தாளுக்கு என்ன திமிர் பாருங்கள். நானும் விட்டுவிட்டேன்.

ஜூன் 6, வியாழன்

படத்தாட்கள் குடியிருக்கும் கலர் தெருவுக்கு விசாரணைக்குப் போனேன். அண்டாவைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் தலையைக் குனிகிறார்கள்.

ஒரு வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே பரணிலிருந்து அம்மிக்கல் உருண்டு, அந்த வீட்டுப் பெரியவர் மேல் விழுந்தது. மனிதர் கோணியாக நசுங்கிக் கிடக்கிறார். அவர் சம்சாரம், மகன், மருமகள் எல்லாரும் என்ன செய்தார்கள் தெரியுமா? ஓடிப்போய்ச் சமையற்கட்டில் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள்! மகன் மட்டும் சாத்துவதற்கு முன்னால் தெருவில் போன பிளாஸ்டிக் குடக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டான். குடக்காரர் எட்டிப் பார்த்தார், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பெரியவர் "டப்" என்று எழுந்தார். அப்புறம்தான் கதவு திறந்தது. சம்சாரக்காரி தண்ணீர்ச் சொம்போடு வந்து ஒப்பாரி வைக்காத குறையாக அழுதாள்.

கல்நெஞ்சக் கூட்டம். புருஷன் அடிபட்டுக் கிடக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு, எழுந்த பிறகு அழுகையாம். இவர்களில் ஒருத்தி கொலை செய்தாள் என்றால் நம்புவதற்கு என்ன கஷ்டம்?

ஜூன் 9, ஞாயிறு

டம்ளர் வரவில்லை. நிம்மதி. நாலைந்து தரம் சன்னல் பக்கம் போனது காற்றுக்காக. ஃபேன் இல்லையே.

ஜூன் 10, திங்கள்

வந்தான். நேற்று எங்கேடா தொலைந்தாய் என்று கத்திவிட்டேன். கண்காணிப்பில் இருக்கிறவன் சொல்லிவிட்டுப் போக வேண்டாமா? அண்ணனுக்குப் பிடித்த சேவு வாங்கச் சாத்தூர் போனானாம். வாங்கி வந்த பிறகுதான் அண்ணன் இல்லை என்பது ஞாபகம் வந்ததாம். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சரி, வீணாகக் கூடாதே என்று ரெண்டு பேரும் தின்றோம். காரம் ஜாஸ்தி, அதனால் ரெண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர்.

போகும்போது மாடிப்படியில் சறுக்கி உருண்டான். கீழே தட்டையாகக் கிடந்தான். எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. வெயில் காலம் அல்லவா, அசதியாக இருக்கும்.

ஜூன் 13, வியாழன்

டீக்கடையில் டம்ளர் மேல் தென்னை மட்டை விழுந்தது. கடையில் கூட்டமில்லை, நானும் சுடலைமணியும்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே மாதிரி எத்தனை தடவை பார்ப்பது? மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு அவன் பக்கத்தில் குந்தி, "டேய், டேய்" என்று கன்னத்தைத் தட்டினேன். அசையவில்லை. பின்னால் சுடலைமணி கெக்கேபிக்கே என்று சிரித்தான். எனக்கு வந்ததே கோபம்.

"அடிபட்டுக் கிடக்கிறவனப் பாத்து என்னலே இளிப்பு? உன் தலையில விழுந்தா இளிப்பியா?"

டம்ளர் அதற்குள் எழுந்துவிட்டான். அவன் முகத்தில் கலர் கொஞ்சம் குறைந்திருந்தது.

"அண்ணாச்சி, அவரத் திட்டாதீங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்கேன், அவரத் திட்டாதீங்க."

"உனக்காகத்தானே பேசுறேன்?"

"தெரியுது. அதான் பயமா இருக்கு" என்றான்.

இவனுக்கு நல்லது செய்யப் போனால் நமக்குத்தான் கெட்ட பெயர். பால்காரன் இன்றும் தண்ணீர் கலந்திருக்கிறான்.

ஜூன் 15, சனி

ரஞ்சிதத்தைப் பார்த்தேன். அண்டாவின் சம்சாரம்.

என் முப்பது வருஷத் தொழிலில் நான் பார்த்த சந்தேகக் கேஸ்களில் இப்படி ஒரு அழகியைப் பார்த்ததில்லை. கம்பி மத்தாப்புப் பெட்டியின் மேல் இருந்தவள். வர்ணம் குழைத்துத் தீட்டிய உடம்பு. டம்ளர் கூட்டம் மாதிரி நாலு கோட்டில் கிழித்துப் போட்டதில்லை. எப்போதும் இடுப்பை ஒடித்துத்தான் நிற்பாள், பாவம், அப்படித்தான் வரைந்திருக்கிறார்கள். இடுப்பை ஒடித்துக்கொண்டே எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். விஷம் இருக்குமோ என்று மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன். சர்க்கரை கம்மி.

"அன்னைக்கு என்னம்மா நடந்துச்சு?"

"கல்யாணமாகி ஒரு மாசங்கூட ஆகல சார். தெருவே கோயில் பொங்கலுக்குப் போயிருச்சு. இவுக மட்டும் எனக்குப் பூ வாங்கிட்டு வாரேன்னு ஓடுனாக. மேல்படியில கால் இடறிருச்சு."

"நீ எங்க இருந்த?"

"அடுப்படியில. சத்தம் கேட்டு ஓடியாந்தேன். எங்க பெட்டியில யாரும் விழுந்து நான் பாத்ததே இல்ல சார். மத்தாப்புப் பெட்டிக்காரங்க மேல ஒண்ணும் விழாது. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. தலைய மடியில எடுத்து வச்சுக்கிட்டேன். என்னப் பாத்து வெளிய போ, வெளிய போங்கிற மாதிரி விரல அசைச்சாக. இப்படிக் கிடக்கிறவுகள விட்டுட்டு எங்க சார் போவேன்? கத்துனேன், அழுதேன். பக்கத்தூட்டுக்கு வந்த விருந்தாளி ஒருத்தரு எட்டிப் பாத்தாரு. நான் அழுத அழுகையில அவரும் கண்ணத் துடச்சுக்கிட்டு நின்னாரு. கடைசி மூச்சு வரைக்கும் ஒரு நிமிஷங்கூட நான் அவுகள விட்டு நகரல சார்."

அதைச் சொல்லும்போது அவளுக்கு ஒரு பெருமை. புருஷனுக்கு அது ஒன்றையாவது செய்தோமே என்கிற மாதிரி.

"நான் வேற என்ன சார் செஞ்சிருக்கணும்?" என்று கேட்டாள்.

தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

துணி துவைக்கும்போது புரிந்துவிட்டது. சோப்பு கையிலேயே இருக்க, அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

குடக்காரர். சாத்திய கதவு. "ரொம்ப நன்றி அண்ணாச்சி." நான் சிரித்த நாளில் பட்டென்று எழுந்தவன், நான் சிரிக்காத நாளில் கிடந்தான்.

யாராவது சிரித்தால்தான் இவர்கள் எழுந்திருப்பார்கள். பிரியம் வைத்தவனுக்குச் சிரிப்பு வராது. அதனால்தான் வீட்டார் ஓடி ஒளிந்துகொண்டு, வழியில் போகிற யாரோ ஒரு ஆளைக் கூப்பிடுகிறார்கள். ரஞ்சிதம் வேறு ஜாதிப் படம், அவளுக்கு இந்த வழக்கம் தெரியாது. மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். சிரித்திருக்கக்கூடிய விருந்தாளியையும் அழவைத்தாள்.

கொலை இல்லை. கொலைகாரி இல்லை. ஐயோ, அந்தப் பெண் அவன் மேல் உயிரையே வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

எனக்கும் டம்ளருக்கும் அப்படி ஒன்றும் இல்லை. அவன் என் கட்சிக்காரன். நாளைக்கு வரச் சொல்லி ரிப்போர்ட் கொடுத்துவிட்டு ஃபைலை மூடப் போகிறேன்.

ஜூன் 17, திங்கள்

இன்று எழுதவே மனசில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பத்து மணிக்கு வந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மறுக்கவில்லை.

"மனுசங்ககிட்ட இதச் சொல்லவே மாட்டோம் அண்ணாச்சி. தெரிஞ்சுட்டா சிரிப்பு கடமையாயிரும். கடமைக்குச் சிரிச்சா செல்லாது. மதினி வேணும்னே யாரையும் சிரிக்க விடாமக் கொன்னுட்டாகன்னு நெனச்சேன்."

"அவளுக்கு உங்க வழக்கமே தெரியாதுடா. விட்டுட்டு நகரலன்னு பெருமையாச் சொல்றா."

டம்ளர் ரெண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். "பாவி நான். அவுகளப் போயி..." என்றான். "இது அவுகளுக்குத் தெரியக் கூடாது அண்ணாச்சி. தெரிஞ்சா அந்தப் பிள்ள உசுரோட இருக்காது. சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் பண்ணினேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். பரண் மேல் பைண்டிங் கடைக்காரர் தன் கடையில் இடமில்லாமல் அடுக்கி வைத்திருந்த காலண்டர் கட்டுகள் அத்தனையும் சரிந்து அவன் மேல் விழுந்தன.

ஆபீசில் நான் மட்டும்.

சிரித்தேன். சிரித்தேன் என்றா சொல்கிறேன்? ஹஹ்ஹா என்று கத்தினேன். அது சிரிப்பே இல்லை. கட்டுகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் தரையோடு தரையாகக் கிடக்கிறான். கண் மட்டும் என்னைப் பார்க்கிறது. நாலு விரலை மெல்ல அசைத்தான். வெளிய போ. எனக்கு அந்தச் சைகை தெரியும். கீழே பைண்டிங் கடைக்கு ஓடினேன், பூட்டிக் கிடந்தது. திரும்ப ஓடிவந்து பாய் மாதிரி அவனைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அந்த வெயிலில், செருப்புக்கூட இல்லாமல்.

டீக்கடை பெஞ்சில் விரித்தேன். "சுடலை, சிரிடா! இவனப் பாத்துச் சிரி!"

சுடலைமணி என் முகத்தைப் பார்த்தான். ஊரில் யார் விழுந்தாலும் முதலில் சிரிக்கிறவன், கையிலிருந்த வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"அண்ணாச்சி... என்ன அண்ணாச்சி இப்படி அழுறீக?"

நான் அழுவது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கூட்டம் கூடிவிட்டது. ஒவ்வொருவரையும் கும்பிட்டேன். ஐயா சிரிங்கய்யா, அம்மா சிரிங்கம்மா, உசுரு போகுதுய்யா என்றேன். கேட்கக் கேட்க ஒவ்வொரு முகமாக இருண்டது. ஒருத்தர் சட்டைப் பையிலிருந்து திருநீறு எடுத்து என் நெற்றியில் பூசினார். ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ரஞ்சிதம் செய்ததைத்தான் நானும் செய்துகொண்டிருந்தேன், தெரிந்தே! நான் அங்கே நிற்கிற வரைக்கும் ஒரு ஈ காக்கைகூடச் சிரிக்காது.

டம்ளரின் முகத்தில் கலர் வெளுத்துக்கொண்டே வந்தது.

அவனை எடுத்துக்கொண்டு போய், சாத்தூர் பஸ் வந்து நிற்கும் இடத்தில் சுவரோரமாக விரித்துப் போட்டேன். "எல்லாரும் போங்கய்யா, ஒண்ணுமில்ல, போங்க" என்று கூட்டத்தை விரட்டினேன். சாகக் கிடக்கிறவனை நடுரோட்டில் விட்டுவிட்டு நானும் போனேன். கட்டணக் கழிப்பிடத்துக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன். எட்டிப் பார்க்கக்கூட பயம். பஸ் ஒன்று வந்து நின்ற சத்தம் கேட்டது. ஆட்கள் இறங்கும் சத்தம். யாரோ ஒரு பெண், "ஏ, இங்க பாருங்கடீ, மூக்க மட்டும் தூக்கிக்கிட்டுக் கிடக்கான்!" என்றாள். சிரிப்பு கிளம்பியது. ஒன்று, ரெண்டு, அப்புறம் மொத்தக் கூட்டமும்.

"டப்."

அந்த நாற்றத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவனைப் போய்ப் பார்க்கவில்லை. முடியாது.

ஜூன் 18, செவ்வாய்

மாத்திரை போட்டேன். ஃபேன்காரன் வந்தான், மாட்டிவிட்டுப் போனான்.

மத்தியானம் எதிர்ச் சாரியில் நின்றுகொண்டு டம்ளர் கூப்பிட்டான். மேலே வாடா என்றேன்.

"வரமாட்டேன் அண்ணாச்சி! நீங்க இப்ப எங்க வீட்டாளாயிட்டீக!"

நடுவில் லாரியும் ஆட்டோவும் போய்க்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் கத்திக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"சுடலைமணி இன்னைக்குக் காலையில நான் விழுந்ததுக்கு அச்சச்சோன்னுட்டாரு! போச்சு அண்ணாச்சி! இந்த ஊர்ல எல்லாரும் என்மேல பாவப்பட ஆரம்பிச்சுட்டாக! வியாழக்கிழமை மெட்ராஸுக்குப் போறேன்! அங்க பக்கத்து வீட்டுக்காரன் பேரே யாருக்கும் தெரியாதாம்!"

"போன் நம்பராவது குடுத்துட்டுப் போ!"

"கூடாது அண்ணாச்சி! பேசப் பேச இன்னும் ஜாஸ்தியாயிரும்!"

நல்லதாப் போச்சு, தொல்லை விட்டது என்று கத்தினேன். அவன் கையாட்டினான். நான் சன்னலைச் சாத்திவிட்டு ரெண்டு தோசை சுட்டேன். ரெண்டும் அப்படியே இருக்கின்றன.

ஜூன் 20, வியாழன்

மெட்ராஸ் பஸ் சாயங்காலம் ஆறரைக்கு. வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். பஸ் ஸ்டாண்டுத் தூணுக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தது. இடுப்பை ஒடித்துக்கொண்டு ரஞ்சிதம்.

"வழியனுப்ப வர வேண்டாம்னுட்டாரு சார். கொழுந்தனுக்கு இன்னும் என்மேல சந்தேகம் போகல போல. தூரத்துல நின்னாவது பாத்துட்டுப் போறேன்."

சந்தேகம் எல்லாம் போய்விட்டது அம்மா என்றேன். பிறகு ஏன் வரக் கூடாது என்கிறார் என்று கேட்டாள். பஸ் வந்துவிட்டதாகச் சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

டம்ளர் தகரப் பெட்டியோடு படியில் ஏறினான். ஏறியவன் சறுக்கினான். மேலே கேரியரில் ஏற்றிக்கொண்டிருந்த கிரைண்டர் கை நழுவி அவன் மேல் இறங்கியது. "ஐயோ!" என்று ரஞ்சிதம் ஓடப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்தினேன். நானும் திரும்பிக்கொண்டேன்.

"விடுங்க சார்! அடிபட்டுக் கிடக்காரு!"

"பாக்காதம்மா. பேசாம நில்லு."

பஸ் முழுக்கச் சிரித்தது. டிரைவர், கண்டக்டர், சன்னலோரத்து ஜனம், எல்லாரும். "டப்" என்று கேட்டது. மணி அடித்தது, பஸ் கிளம்பியது. அது வளைவு திரும்பும் வரைக்கும் நாங்கள் ரெண்டு பேரும் அந்தச் சுவரில் ஒட்டியிருந்த சினிமா போஸ்டரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"எந்திரிச்சுட்டாரா சார்?"

"எந்திரிச்சுட்டான்."

அவள் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப எங்க வீட்டுக்காரரு மட்டும் ஏன் சார் எந்திரிக்கல? நீங்க விசாரிச்சீங்களே, என்ன கண்டுபிடிச்சீங்க?"

தொழிலுக்கு வந்த நாளிலிருந்து கண்டுபிடித்துவிட்ட கேஸைக் கண்டுபிடிக்கவில்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

"ஒண்ணும் கண்டுபிடிக்க முடியலம்மா" என்றேன்.

"பரவாயில்ல சார்" என்று அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்.